உங்கத்தை றோட்டுக்கு இது காணும்

அவர் எந்த வாகனத்தைக் கண்டாலும் முதலில் சக்கரத்து ரயரைத்தான் பார்ப்பார். ஆளைச் சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு. கோயில் வீதியில், கலியாண வீட்டு வாசலில், ஏன், செத்த வீட்டுக்குப் போனால்கூட, அங்கே நிற்கிற மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு குந்திவிடுவார். சட்டைப் பையில் பேனையைப் போல ஒரு சின்னக் கருவி இருக்கும். அதை ரயரின் வெட்டுக்குள் விட்டு ஆழத்தை அளந்து பார்த்துவிட்டு, வாகனத்துக்குரியவரைத் தேடிப் பிடித்து ஏசுவார்.

"உதிலை பெண்சாதி பிள்ளையளையும் ஏத்திறீர் என்ன? வெக்கமில்லையே உமக்கு?"

ஏச்சு வாங்கியவர்கள் கோபிப்பதில்லை. சுவிஸில் முப்பது வருடம் ரயர் கடையிலேயே வேலை செய்த மனிதர். அவருக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரியும் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் போதுமான சுவர்களில் அது எழுதியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், சுருவிலில் முன்பள்ளி ஆசிரியை. அப்போது ஊர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தேன். வெளிநாட்டில் உள்ளவர்களுக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் வந்தால் வரவேற்புரை வாசிப்பது, கூட்ட அறிக்கை எழுதுவது எல்லாம் என் வேலை. அவர் ஆண்டுக்கு ஒருதரம் வருவார். வந்தால் ஊர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

முதன்முதலில் அவர் என்னோடு பேசியதும் ரயரைப் பற்றித்தான். முன்பள்ளி வாசலில் என் ஸ்கூட்டியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். இதிலை நாலு இலக்கம் தெரியுதோ? முதல் ரெண்டும் கிழமை. மற்ற ரெண்டும் வருசம். ரயர் எப்ப செய்ததெண்டு இதைப் பாத்தால் தெரியும். உம்மடை ரயர் கிழடு. வெட்டுப் பூவெல்லாம் வடிவாய்த்தான் கிடக்கு, ஆனா றப்பர் செத்துப்போச்சு."

நகத்தால் அதன் விளிம்பைச் சுரண்டிக் காட்டினார். நுண்ணிய வெடிப்புகள், வறண்ட குளத்துத் தரை மாதிரி. மலிவாய்க் கிடைத்தது என்று நான் வாங்கிப் போட்ட ரயர் அது. அதைச் சொன்னேன்.

"மலிவு ரயர் எல்லாம் கூடாதெண்டு நான் சொல்ல மாட்டன்," என்றார். "காய்ஞ்ச றோட்டிலை விலை கூடினதும் ஓடும், மலிவானதும் ஓடும். உமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மழை பெய்யவேணும். ஈர றோட்டிலை பிறேக் பிடிக்கேக்கைதான் அது தன்ரை குணத்தைக் காட்டும். நல்ல ரயர் நிக்கிற இடத்திலை நிக்கும். மலிவு ரயர் இன்னும் ரெண்டு வான் நீளம் போய்த்தான் நிக்கும். அந்த ரெண்டு வான் நீளத்துக்குள்ளை ஒரு ஆள் நிண்டால்?"

அடுத்த நாளே யாழ்ப்பாணத்திலிருந்து புது ரயர் வாங்கி வந்து, தன் கையாலேயே பூட்டித் தந்தார். கையெல்லாம் கறுப்பு. என்னிடம் சவர்க்காரம் வாங்கிக் கழுவிவிட்டு, "உயிர் ஒண்டுதான் பிள்ளை," என்றார். அன்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்தது என்றால், அவருடைய தாயாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரை முழுக்க நானே எழுதிக் கொடுத்தேன். அதில் அவரைப் பற்றி 'பிறர் உயிரைத் தன்னுயிராய் மதிப்பவர்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை இப்போது நினைத்தாலும் வாயில் எச்சில் ஊறித் துப்ப வேண்டும்போல் இருக்கும்.

ஏனென்றால் நான் பார்க்க வேண்டியவற்றையும் அப்போதே பார்த்திருந்தேன்.

ஒருமுறை முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பெட்டி நிறையச் சொக்கிளேற் கொண்டுவந்தார். பிரித்தால் வெள்ளை பூத்திருந்தது. உறையில் இருந்த திகதி போய் எத்தனையோ மாதம். நான் மெல்ல அதைக் காட்டினேன்.

"அட, அங்கைதான் உதெல்லாம் பாக்கிறது," என்று சிரித்தார். "இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு இது காணும், இதுவே போதும்."

அன்று பின்னேரம் சங்க விஷயமாக அவர் வீட்டுக்குப் போனேன். சங்கத் தலைவருக்கு முன்னால் ஒரு தட்டில் சொக்கிளேற் வைத்திருந்தது. அது வேறு பெட்டி. மினுமினுவென்று இருந்தது. நான் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். அதையும் மறைக்க நான் விரும்பவில்லை. சாப்பிட்டேன். மறுநாள் வெள்ளை பூத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பிள்ளைகள் நன்றிப் பாட்டுப் பாடினார்கள்.

இன்னொருமுறை, அங்கே யாரோ கழித்த பனிக்குளிர் ஜக்கெற்றுகள் வந்தன. கடலுக்குப் போகிறவர்களுக்கு என்று பக்கத்து ஊரான நாரந்தனைக் கரையில் கூட்டம் வைத்துக் கொடுத்தார். நாற்பது வருடமாய் மீன் விற்கும் அந்தோனியா அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அதில் இழுத்துப் பூட்டும் சிப்பு உடைந்திருந்தது. அடுத்த கிழமை பார்த்தால் அதை மீன்பெட்டிக்கு மேலே போர்த்திருந்தார்.

"ஐஸ் கரையாமல் நிக்குது ரீச்சர்," என்றார். "தம்பி எனக்கில்லை, மீனுக்குத்தான் தந்தவர் போல."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். கொடுக்கிற மனிதரில் பிழை பிடிக்கக் கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம்.

பிறகுதான் வான் வந்தது.

சுருவிலிலும் நாரந்தனையிலும் உள்ள நோயாளிகளைக் கிழமைக்கு இரண்டு நாள், கடல் நடுவே போகும் பண்ணை வீதியால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்க அவர் ஒரு பாவித்த வான் வாங்கித் தந்தார். அது பெரிய உதவி, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தோனியா அக்காவுக்கு நீரிழிவு. காலைப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தவர். வானின் இரண்டு பக்கமும் அவருடைய தாய் தகப்பனின் படம், கீழே பெயர், அதற்குக் கீழே 'அன்பளிப்பு' என்று அவர் பெயர். உள்ளே பாட்டுப் பெட்டி, ஓரமெல்லாம் நீல விளக்கு. ஊர்ப் பொடியனான ரூபன்தான் சாரதி. பொடியன் என்று சொன்னாலும் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். முன்பு கல் லொறி ஓட்டியவன், நிதானமான கை.

கையளிப்பு விழா முடிந்து அவர் சுவிஸுக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் ரூபன் வானைக் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு அவர் பழக்கிவிட்ட பழக்கம், குனிந்து ரயரின் இலக்கத்தைப் பார்த்தேன். நாலு ரயரும் செய்து ஒன்பது வருடம். பாவிக்காத ரயர்தான், பூ அப்படியே இருந்தது. எந்தக் கடையிலோ வெயிலில் விற்காமல் கிடந்து கிழடானவை. வாயில் நுழையாத ஒரு கம்பனிப் பெயர். விளிம்பை நகத்தால் சுரண்டினேன். அதே வெடிப்பு.

"அண்ணை தானே வந்து எடுத்தவர் ரீச்சர்," என்றான் ரூபன். "ரயர் கடைக்கு நானும் போனனான். தன்ரை காருக்கு நாலு எடுத்தவர். கடைக்காரர் காட்டினதெல்லாத்தையும் தள்ளிப்போட்டு, இருக்கிறதிலை திறமானது எது எண்டு கேட்டு, இலக்கம் பாத்து, மணந்தும் பாத்துத்தான் எடுத்தவர். பேந்து வானுக்கு எண்டு சொல்லி, இருக்கிறதிலை மலிவு எது எண்டு கேட்டவர். கடைக்காரர் சொன்னவர், அது பழைய சரக்கு அண்ணை எண்டு. பரவாயில்லை, போடும் எண்டிட்டார்."

ஒரே நாள், ஒரே கடை, ஒரே மனிதர். காருக்கு என்றால் மூக்கை வைத்து மணந்து பார்த்திருக்கிறார்.

நான் ரயரைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். மழைக்கு முன் மாற்றினால் நல்லது என்று. அவர் குரலில் பதில் அனுப்பினார்.

"பிள்ளை, நான் சொல்லித் தந்ததை எனக்கே படிப்பிக்கிறீரோ? உங்கத்தை றோட்டுக்கு இது காணும். உங்கத்தை சனத்துக்கு இது காணும். உங்கை என்ன, மலையிலை பனிக்குள்ளையே ஓடப்போறியள்? பண்ணைக்குப் போய் வாற வானுக்கு இது வலு காணும்."

ஊரில் நிற்கும்போது அவருக்கு எல்லாம் 'இஞ்சை'. விமானம் ஏறிவிட்டால் நாங்கள் 'உங்கை'. அந்தக் குரல் பதிவைப் பலமுறை கேட்டேன். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, ஏதோ நான் அதிகம் கேட்டுவிட்டேன்போல. தலைவரிடம் சொன்னேன். "தந்த மாட்டுக்குப் பல்லுப் பாக்கிறீரோ ரீச்சர்?" என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். ஆவணியும் புரட்டாதியும் வான் ஒரு குலுக்கமும் இல்லாமல் ஓடியது. வெயில், காய்ந்த தார். நான்தான் பயந்தாங்கொள்ளி என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

கார்த்திகையில் மழை பிடித்தது.

அன்று நானும் வானில் இருந்தேன், ரூபனுக்குப் பக்கத்துச் சீற்றில். பின்னால் ஏழு பேர். பண்ணை வீதியில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். ரூபன் மெதுவாகத்தான் போனான். பின்னால் அந்தோனியா அக்கா கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் மழைக்கவசம் போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனார். கவசத்தின் முனை காற்றில் எழும்பிச் சில்லுக்குள் சுற்றிவிட்டது. மனிதர் நடு வீதியில் விழுந்தார்.

ரூபன் பிறேக்கை அழுத்தினான். போதிய தூரம் இருந்தது. நான் கண்ணால் கண்டேன், இருந்தது. ஆனால் வான் நிற்கவில்லை. கிணற்றுக் கட்டில் சவர்க்காரம் வழுக்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. விழுந்த மனிதரின் முகம் எனக்குத் தெரிந்தது. "ஐயோ" என்றான் ரூபன். வானை இடப்பக்கம் வெட்டினான். கல்லில் அடித்துக் கடலுக்குள் சரிந்தோம்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதனால் யாரும் சாகவில்லை; வீதியில் விழுந்த மனிதரும் தப்பினார். வாயெல்லாம் உப்பும் சேறும். நெற்றியில் இரத்தம் வழிய வழிய ரூபன் ஒவ்வொருவராய்த் தூக்கி வெளியே எடுத்தான். அந்தோனியா அக்காவைத் தூக்கும்போது அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது சுவிஸிலிருந்து அவர் அழைத்தார். படத்தோடு பேசும் அழைப்பு. பின்னால் வெள்ளைச் சுவரும் பூச்சாடியும்.

"ஆற்றையாவது உயிர் போச்சோ?"

"இல்லை அண்ணை."

"கடவுளே எண்டு தப்பியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பிள்ளை, வான் எந்தப் பக்கமாய்ச் சரிஞ்சு கிடக்கு? சனம் படம் எடுத்துப் போடுது எண்டு கேள்விப்பட்டன். அம்மா அப்பாவின்ரை பேர் தெரியிற மாதிரியோ கிடக்கு?"

என் சேலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஓம் அண்ணை, தெரியுது," என்றேன்.

"சீ," என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

கவனமின்றி வாகனம் ஓட்டியதாக ரூபன் மேல் வழக்குப் போட்டார்கள். நிர்வாகக் கூட்டம் கூடியது. அவர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். தலைவர் தன் போனைக் கதிரையில் வைத்து எல்லோருக்கும் கேட்கப் போட்டார்.

"ஈர றோட்டிலை பிறேக்கைக் குத்தக் கூடாது. குத்தினால் எந்த ரயரும் வழுக்கும். முப்பது வருசம் இதோடை கிடந்தவன் சொல்லுறன், இது டிறைவரின்ரை பிழை. சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தால் நல்லது. வானை நான் திருத்தித் தாறன். பேந்தும் செய்யிறதுக்கு எனக்கு மனம் வரவேணும் தானே."

கடைசி வசனத்தோடு எல்லோரும் தலையாட்டினார்கள். அறிக்கைப் புத்தகத்தில் 'சாரதியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம்' என்று எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. அவரைப் பற்றி நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லோடும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தோனியா அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டில், கட்டிலில் கிடந்தார். நான் கொண்டுபோன தோடம்பழத்தைத் தொடவில்லை.

"ரீச்சர், கூட்டத்திலை எழுதினது நீரெண்டு சொல்லுகினம். உண்மையோ?"

"ஓம் அக்கா."

"நீர் முன்னுக்கு இருந்தனீர். அவன் என்ன பிழை விட்டவன்?"

நான் தோடம்பழத்தைக் கட்டிலோரம் தள்ளி வைத்தேன்.

"ரூபன் என்னைத் தூக்கேக்கை நான் அவன்ரை கையைக் கடிச்சுப்போட்டன், நோவிலை. அவன் விடேல்லை," என்றார். "அவன்ரை பெண்சாதி நேற்று வந்து எனக்குச் சோறு தீத்திப்போட்டுப் போனவள். நீர் தோடம்பழம் கொண்டு வாறீர்."

அடுத்த நாள் காலை ரூபனின் சட்டத்தரணியிடம் போனேன். ரயரின் படங்கள், அவர் அனுப்பிய குரல் எல்லாவற்றையும் கொடுத்தேன். வழக்கில் சாட்சி சொன்னேன். வாகனத்தைப் பரிசோதித்தவரும் ரயர் பழுதென்று எழுதியிருந்தார். ரூபன் விடுபட்டான். ஆனால் அதன்பின் யாரும் அவனிடம் வாகனம் கொடுக்கவில்லை. இப்போது மைத்துனனோடு கடலுக்குப் போகிறான். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். முன்பள்ளிக்கு அவர் கொடுத்துவந்த பாலும் பிஸ்கற்றும் நின்றன. பிள்ளைகளுக்கு ஏன் நின்றது என்று கேட்ட தாய்மாருக்கு, "ரீச்சரிட்டைக் கேளுங்கோ," என்று பதில் போயிற்று.

அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்கழியில் வந்தார். வானைத் திருத்தி, திரும்பப் பெயின்ற் அடித்து, படங்களை இன்னும் பெரிதாக ஒட்டியிருந்தார். வாசிகசாலைக்கு முன்னால் இரண்டாம் கையளிப்பு. முன்பள்ளிப் பிள்ளைகள் பாட வேண்டும் என்று தலைவர் கேட்டதால் நானும் போனேன். காலையிலிருந்து தூறல். ஒரு கொட்டகைக்குக் கீழே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பேச்சில் அவரே ரயரை எடுத்தார். "போனமுறை சிலபேர் குறை சொன்னவை. இந்தமுறை நாலும் புத்தம் புது ரயர். ஆரும் இலக்கம் பாக்கலாம்," என்றார். கைதட்டினார்கள்.

நான் பார்த்தேன். உண்மைதான், அந்த ஆண்டு செய்தவை. ஆனால் அதே வாயில் நுழையாத பெயர். கடையில் இருந்ததில் மலிவானவை. மலிவு ரயர் புதிதாக இருந்தால் போதுமா, மழையில் பண்ணை வீதியில் ஏழு நோயாளிகளோடு நிற்குமா என்று எனக்குத் தெரியாது. போதுமானதாக இருக்கவும் கூடும். அதைத் தெரிந்த ஒரே மனிதர் பொன்னாடையோடு எங்களுக்கு முன்னால் நின்றார்.

பிள்ளைகள் பாடி முடித்துத் தாய்மாரோடு போன பிறகு, முதல் ஓட்டம் அன்றைக்கே கிளினிக்குக்கு. ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். வேலணையிலிருந்து வந்த புதுச் சாரதி எஞ்சினைப் போட்டான். கடைசியாக அந்தோனியா அக்கா, நான்கு கால் ஊன்றியை ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். அவர் வரவேண்டும் என்று தலைவர் ஆளனுப்பியிருந்தார், படத்துக்காக. படம் எடுப்பவர் முன்னால் ஓடினார். சுவிஸ்காரர் கதவருகில் நின்று கையை நீட்டினார்.

"வாங்கோ அக்கா, ஏறுங்கோ."

அந்தோனியா அக்கா கையைப் பிடிக்கவில்லை.

"தம்பி, ரயரைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்," என்றார். "நீங்களும் எங்களோடை ஏறி வாங்கோவன். பெரியாஸ்பத்திரி மட்டும். போயிட்டு உடனை திரும்பலாம்."

அவர் சிரித்தார். "எனக்குக் கார் நிக்குது தானே அக்கா."

"காரை ஆரும் கொண்டு வருவினம். நீங்கள் முன் சீற்றிலை இருங்கோ."

"இல்லை, எனக்கு இஞ்சை கனக்க வேலை கிடக்கு."

"பண்ணைக்கும் ஏலாதோ? பாலத்தாலை ஒருக்காப் போய்த் திருப்பிக்கொண்டு வாங்கோ. நான் இதிலை நிக்கிறன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வீதியைப் பார்த்தார். தார் கறுப்பாய் மினுங்கியது. மழை தடித்துக்கொண்டு வந்தது. அவருடைய கண் வீதியிலிருந்து முன்சில்லுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. முப்பது வருடம் படித்த கண். அது என்ன கணக்குப் போட்டதென்று அந்த முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

"பேந்து ஒருநாள் பாப்பம்," என்றார்.

அந்தோனியா அக்கா ஊன்றியைத் திருப்பி வைத்தார். பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். நான் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன். பின்னால் வானின் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தலைவர், "எங்கை போறியள், எங்கை போறியள்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

பஸ் வந்தது. சனம் நிறைந்திருந்தது. அந்தோனியா அக்கா ஏறி முடியும்வரை கொண்டக்டர் விசில் அடிக்கவில்லை. அவருக்கு இடம் எடுத்துக் கொடுத்துவிட்டு நான் யன்னலால் பார்த்தேன். வான் எஞ்சின் ஓடியபடி வெறுமையாய் நின்றது. அதற்குப் பக்கத்தில் அவர் பொன்னாடையைக் கழற்றித் தன் காரின் பின்சீற்றில் எறிந்துவிட்டு உள்ளே ஏறினார். கதவைச் சாத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டி, மாட்டியது சரியா என்று இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார்.